விழுந்தால் கையைத் தூக்கு

பொய் சொன்னது நீங்கள்தான், அதிபர் அம்மா. அந்தப் பிள்ளை வீட்டில் விழவில்லை. உங்கள் பாடசாலை மேடையில், பரிசளிப்பு விழாவில், உங்கள் கதிரைக்கு முன்னால் விழுந்தாள். நீங்கள் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். மண்டபம் நிறைய இருந்த பெற்றோரும் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நீங்கள், அவள் வீட்டில் கவனமில்லாமல் விளையாடிக் கையை முறித்துக்கொண்டாள் என்று சொன்னீர்கள். நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையாவது நான் ஊகிக்கலாம். மேடையில் நடந்ததைப் பார்த்த அத்தனை பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதை எப்படிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் பிள்ளைகளுக்கு சர்க்கஸ் பழக்குகிறவள். சர்க்கஸ் என்றதும் எல்லோரும் சிங்கம் எங்கே என்று கேட்பார்கள். சிங்கம் கிடையாது. மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிப்பது, குச்சியில் தட்டைச் சுழற்றுவது, மரக்கால் கட்டி நடப்பது, உருளைப் பலகையில் நிற்பது. உருளைப் பலகை என்பது தடித்த பிவிசி குழாய்த் துண்டொன்றும் அதன்மேல் வைத்த ஒரு பலகையும்தான். அதில் ஏறி நின்றால் முழு உடம்பும் வேலை செய்யும். கிழக்கில் இடம்பெயர்ந்தவர்களின் முகாமொன்றுக்குத் தொண்டு வேலை என்று போன இடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு குழுவிடம் இதையெல்லாம் பழகினேன். வந்தவர்கள் போய்விட்டார்கள். நான் விடவில்லை.

சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வகுப்பு. விடுமுறை வந்தால் அதே இடத்தில் பயிற்சி முகாம். வார நாட்களில் இரண்டு பின்னேரம் கொட்டாஞ்சேனையில் உங்கள் பாடசாலை. வெள்ளவத்தை அம்மாமார் முதலில் கேட்பது சர்டிபிகேட் தருவீர்களா என்று. தெஹிவளையிலிருந்து மகனைக் கூட்டி வந்த ஒரு தகப்பன், முதல் நாள் முழுக்கப் பிள்ளைகள் மெத்தையில் விழுந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மிஸ், விழுறதுக்கு இவனுக்கு வகுப்புத் தேவையில்ல. வீட்டில ஃப்ரீயா விழுறான்.”

ஆனால் முதல் பாடம் அதுதான். உடம்பை உருட்டிக்கொண்டு விழ வேண்டும். கையை ஊன்றக் கூடாது. விழுந்தால் உடனே எழும்பி, இரண்டு கைகளையும் மேலே விரித்து, சிரிக்க வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அடிபடுவதற்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மற்றவர்கள் சிரிப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். விழுந்த பிள்ளைக்கே கைதட்டல் கிடைத்தால் அந்தப் பயம் போய்விடும். போவதை நான் பார்த்திருக்கிறேன். இந்த விதிக்கு இரண்டாவது பாதி ஒன்றும் உண்டு. உண்மையாக வலித்தால் எழும்பாதே, அப்படியே உட்கார்ந்திரு. அதையும் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பிள்ளையும் ஒருநாளும் உட்கார்ந்திருந்ததில்லை என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

அந்தப் பிள்ளை எட்டாம் ஆண்டு. மட்டக்குளி மாடிவீட்டில் தாயோடு இருக்கிறாள். தகப்பன் கட்டாரில். தாயின் ஊர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம், இப்போது புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம். தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய பையன் பலகையில் ஏறும்போது, “டேய், பலகை பாவம்டா, கேட்டுட்டு ஏறு,” என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே விழுவான். உருளைப் பலகையில் நின்றுகொண்டு மூன்று பந்துகளை எறிய என் வகுப்பில் அவளுக்கு மட்டும்தான் வந்தது. ஒருமுறை வீட்டில் வெற்று கேஸ் சிலிண்டரைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் துணி வெட்டும் பலகையை வைத்து ஏறியிருக்கிறாள். கடையிலிருந்து வந்த தாய் வாசலில் நின்று கத்தியிருக்கிறார். இனி வீட்டில் இதைச் செய்வதில்லை என்று தன் தலையில் பிள்ளையின் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என் வகுப்புக்கு மறுபடி விட்டார். இதை அவளே என்னிடம் சொன்னாள். அம்மாவுக்கு ஏதும் ஆகிவிடும் என்பதால் இனி வீட்டில் வெறுந்தரையில்கூட ஒற்றைக்காலில் நிற்க மாட்டேன் என்றாள்.

பரிசளிப்பு விழா அன்று பின்னேரம் நான் மேடைக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளுக்கு மரக்கால் கட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஒத்திகை பார்த்தபோது பலகைக்குச் சுற்றிவர எங்கள் நீல மெத்தைகள் கிடந்தன. பாட்டு தொடங்கி நான் பக்கவாட்டுக்கு வந்து பார்த்தபோது மெத்தைகள் இல்லை. அந்த இடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அவள் ஏற்கெனவே பலகையில் ஏறி, பந்தையும் எறியத் தொடங்கியிருந்தாள். பாதியில் கூப்பிட்டால் கவனம் சிதறி விழுவாள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். மெத்தையை எடுத்தது யார் என்று பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டேன். அலங்காரம் செய்த ஆட்கள் என்றார் ஒருவர். படத்தில் ஊத்தையாகத் தெரிகிறது என்று மேலே இருந்து சொன்னார்கள் என்றார் இன்னொருவர். மெத்தை போடுவதாக ஒருபோதும் கதையே இல்லை என்றார் உதவி அதிபர். ஒத்திகையில் அந்த மெத்தைமேல் நடந்து போனவர் அவர்.

கம்பளத்தில் குழாய் வழுக்கியது. அவள் பின்பக்கமாக விழுந்தாள். இடது கை ஊன்றியது. உடனே எழும்பி, இரண்டு கைகளையும் விரித்து, சிரித்தாள். மண்டபம் கைதட்டியது. நீங்கள் மைக்கை வாங்கி, இதுதான் எங்கள் பிள்ளைகளின் தன்னம்பிக்கை என்றும் அவள் மீண்டும் செய்து காட்டுவாள் என்றும் சொன்னீர்கள். பிரதம விருந்தினரும் தலையை ஆட்டினார்.

அவள் மீண்டும் ஏறினாள். இந்த முறை இடது கையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வலது கையால் மட்டும் இரண்டு பந்துகளை எறிந்து பிடித்தாள். நான் அதை அவளுக்குப் பழக்கியதே இல்லை. ஒற்றைக்கை வித்தையைத் தானாகவே எங்கோ பார்த்துப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தேன். மண்டபம் எழுந்து நின்றது. நானும் கைதட்டினேன், பக்கத்தில் நின்றவர்களைவிடப் பலமாக. அவள் குனிந்து வணங்கிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். போகும்போதும் சிரித்தாள். நான் மரக்கால் பிள்ளைகளை மேடையேற்றப் போய்விட்டேன். அன்று அவளை அதற்குப் பிறகு நான் காணவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தால் வாசல் காவலாளி கதவைத் திறக்கவில்லை. “லொக்கு மெடம் எபா கிவ்வா, மிஸ்,” என்றார். பெரிய மெடம் வேண்டாம் என்றாராம். ஏன் என்று சிங்களத்தில் கேட்டேன். சோதனை வருகிறதுதானே என்று தன் பாட்டில் ஒரு காரணம் சொன்னார். உதவி அதிபருக்கு போன் எடுத்தேன். அவர் பெற்றோர் விரும்பவில்லை என்றார். எந்தப் பெற்றோர் என்று கேட்டதற்கு, பொதுவாக என்றார். கடைசியில் உடற்கல்வி ஆசிரியரை வெளியே தேநீர்க் கடையில் பிடித்தேன். அந்தப் பிள்ளையின் கை முறிந்ததே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலைக் கூட்டத்தில் நீங்கள் பேசியதையும் அவர்தான் சொன்னார்.

“சேர், நீங்கள் மேடையில நிண்டனீங்கள். அவள் விழுந்ததப் பாத்தனீங்களா இல்லையா?”

“ஓம், பாத்தனான். ஆனா எழும்பிட்டாள்தானே, மிஸ்,” என்றார். “பிள்ளையே வீட்டில விழுந்தனான் எண்டு சொல்லுது. பிறகு நாங்கள் என்ன கதைக்கிறது?”

அவர் கெட்ட மனிதரில்லை. தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார். எனக்கு அவரிடம் கோபப்படுவதா, என் கண்ணையே சந்தேகப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மட்டக்குளிக்கு பஸ் ஏறினேன். தாய் கதவைத் திறந்து, வாங்க மிஸ் என்று உட்காரச் சொல்லி, பிளேன்டீ போட்டுத் தந்தார். பிள்ளை மூலையில் கட்டுப்போட்ட கையோடு இருந்தாள். தாய் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழா அன்று கடையில் லீவு கிடைக்காததால் தான் வரவில்லை என்றார். வேலை முடிந்து வந்து பார்த்தால் பிள்ளையின் கை வீங்கியிருந்ததாம். வீட்டில் விழுந்தேன் என்றாளாம். பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது டாக்டரிடமும் அதையேதான் சொன்னாளாம்.

“எலும்பு கூடிரும்னு சொல்லிட்டாங்க மிஸ். அது எனக்குக் கவலயில்ல. என் தலையில கைய வச்சு சத்தியம் பண்ணினவ மிஸ் இவ. நான் கடையில நிக்கிற நேரம் பாத்து மறுபடி ஏறியிருக்கா. நான் செத்தாலும் பரவாயில்லன்னுதானே ஏறியிருக்கா.”

பிள்ளை சத்தியத்தை மீறவில்லை, மேடையில்தான் விழுந்தாள், நான் பார்த்தேன் என்றேன். தாய் முதல் தடவையாக மகளைப் பார்த்தார். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “இல்லம்மா. வீட்டுலதான்,” என்றாள்.

தாய் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, மரியாதைதான் இருந்தது. “மிஸ், நீங்க புள்ள மேல உள்ள பாசத்துல சொல்றீங்க. வெளங்குது. ஆனா அவளக் காப்பாத்தப் பொய் சொல்லாதீங்க. பெரிய மெடமே எல்லார் முன்னுக்கும் சொல்லியிருக்காங்க.”

நடந்ததைச் சொன்ன நான் பொய்க்காரி. நடக்காததைச் சொன்னவர்களெல்லாம் நம்பத் தகுந்தவர்கள்.

வழியனுப்பவென்று பிள்ளை என்னோடு மாடிப்படி இறங்கினாள். ஒரு தளம் இறங்கியதும் ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். திங்கட்கிழமை காலை நீங்கள் அவளை அறைக்குக் கூப்பிட்டு, மேடையில் விழுந்தாயா என்று கேட்டீர்களாம்.

“விழுந்து கைய தூக்கினா அது விழுந்ததில்லன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க. நான் தூக்கினேன். அதனால இல்லன்னு சொன்னேன். அப்ப வீட்டுலயான்னு கேட்டாங்க. ஓம்னு சொன்னேன்.”

“அம்மாவின்ட தலையில சத்தியம் செய்தனி. அது பிள்ளைக்கு ஞாபகம் வரேல்லையா?”

அவள் கட்டுப்போட்ட கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். “மேடையில விழுந்தேன்னு வெளிய தெரிஞ்சா கிளாஸ நிப்பாட்டிருவாங்கன்னு நெனச்சேன். அதனாலதான் அம்மாகிட்டயும் முன்னுக்கே வீட்டுலன்னு சொன்னேன்.” பிறகு என்னைப் பார்த்து, “நிப்பாட்டிட்டாங்கதானே மிஸ்,” என்றாள். அது கேள்வியா, குற்றச்சாட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே போய் அம்மாவிடம் சொல்லுவோம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். இப்போது மாற்றிச் சொன்னால் இரண்டு பொய் சொன்னவளாகிவிடுவேன், அம்மா எதையுமே நம்ப மாட்டார் என்றாள். தாய் தினமும் சமைத்து வைக்கிறார், கட்டுப்போட்ட கைக்குச் சட்டை மாட்டி விடுகிறார். ஆனால் பேசுவதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் குரல் உடைந்தது. அந்த விதியை நான் அப்படிச் சொன்னேனா? கையைத் தூக்கினால் அது விழுந்ததில்லை என்று? சொல்லியிருப்பேன். சின்னவர்களை உற்சாகப்படுத்த எத்தனையோ சொல்கிறோம். சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு பையன் விழுந்து கையைத் தூக்கியபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். என் கை எழும்பவில்லை. அவன் ஏன் மிஸ் தட்டவில்லை என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கிட்டப் போய் அவன் கையைப் பிடித்து விரல்களை மடக்கிப் பார்த்தேன். என்ன பழக்குகிறேன் என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது. விதியை விடவும் மனமில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றில் குழப்பமில்லை, அதிபர் அம்மா. பிள்ளை சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்று நீங்கள் சொல்வீர்கள். உங்கள் கண்ணால் பார்த்ததை ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் கேட்டீர்கள்? அவள் இல்லை என்றதும் ஏன் நிம்மதியாக எழும்பிக் காலைக் கூட்டத்துக்குப் போனீர்கள்? அந்தத் தாய் மகள் சொன்னாலும் நம்ப மாட்டார், நான் சொன்னாலும் நம்ப மாட்டார். உங்கள் வார்த்தையை மட்டும்தான் நம்புவார். இது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

எனக்கு வகுப்பைத் திருப்பித் தர வேண்டாம். என்மேல் பழி போட வேண்டுமென்றால் போடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். இந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாய் கடையில் லீவு சொல்லிவிட்டு வருகிறார். அறைக்குள் கூப்பிட்டுக் காதுக்குள் சொல்லாதீர்கள். எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் எழும்பி நின்று, அவர் முகத்தைப் பார்த்து, அவருடைய மகள் சத்தியத்தை மீறினாளா இல்லையா என்று பதில் சொல்லுங்கள்.