மஞ்சள் அடுப்பு

பிப்ரவரி வந்தால் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் பழைய வீடுகளைப் பார்க்கத் தெருத்தெருவாகக் கூட்டம் அலையும். லோர்னாவுக்கு அந்தக் கூத்தே பிடிக்காது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் சமையலறையில் அதே மஞ்சள் அடுப்புதான். மாற்றச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். புருஷன் வெர்ன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்.

அன்று அவள் பேரீச்சம்பழ மில்க் ஷேக் அடித்துக்கொண்டிருந்தபோது, பார்வைக்குத் திறந்துவைத்திருந்த பக்கத்துத் தெரு வீடென்று நினைத்து நான்கு பேர் திறந்த கதவு வழியே நுழைந்துவிட்டார்கள்.

"ஐயோ, இந்த அடுப்பைப் பாருங்களேன்!" என்றாள் ஒருத்தி.

லோர்னாவுக்குச் சுருக்கென்றது. "என்ன, கிண்டலா?"

"சத்தியமா இல்லைங்க! எல்லாரும் இடிச்சுப் புதுசாக்கிட்டாங்க. இதை இப்படியே காப்பாத்தி வெச்சது யாரு?"

கூடத்து சோபாவில் படுத்திருந்த வெர்ன், கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார். "நான்தாம்மா. இவகிட்டேருந்து இதைக் காப்பாத்த நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா!"

நால்வரும் கைதட்டினார்கள். லோர்னா அவர்களுக்கு மட்டும் ஷேக் ஊற்றிக் கொடுத்தாள்.

"எனக்கு?" என்றார் வெர்ன்.

"உங்களுக்குத்தான் பழசு பிடிக்குமே. நேத்து மிச்சம் ஃபிரிட்ஜுல இருக்கு, போய் எடுத்துக் குடிங்க."