கோல்கீப்பர் போடாத கையெழுத்து

விளையாட்டு வீரர்கள் கையெழுத்திட்ட பொருட்களைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், ஆசையில் தொடங்கியிருப்பேன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் ஆத்திரத்தில் தொடங்கினேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போகிறேன். மின்னணுப் பலகைகளில் எழுத்துகள் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று லென்ஸ் வழியாகப் பார்ப்பது என் வேலை. பள்ளியில் ஹாக்கி ஆடியபோது கோல் காத்தவள் நான். அதனால் எந்தப் பந்து விளையாட்டைப் பார்த்தாலும் என் கண் கோல்கீப்பர் மேல்தான் நிற்கும். எங்கள் மாநிலக் கால்பந்துக் குழுவுக்குப் பல வருடம் கோல் காத்த ஒருவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவர் கையெழுத்திட்ட ஜெர்சியை ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடிக் கடையில் பார்த்ததும் இரண்டாவது யோசனையே வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு, சர்ட்டிபிகேட் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

மூன்றாம் மாதம் சட்டத்துக்குள் எறும்பு புகுந்துவிட்டது. பின்பக்கம் திறந்து ஜெர்சியை வெளியே எடுத்தேன். கையெழுத்தின் மேல் விரல் பட்டபோது வழவழவென்று இருந்தது. பேனா மை துணியில் பட்டால் நூலுக்குள் ஊறும், ஓரம் லேசாகக் கசியும். இது கசியவே இல்லை. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். நூலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தது. சூடு வைத்து அழுத்திய அச்சு. தினம் எட்டு மணி நேரம் அச்சு பார்க்கிறவளுக்கே அச்சை விற்றிருக்கிறான்!

"விடு லா, சுவத்துல தொங்குறதுக்குத்தானே" என்றார் என் கணவர்.

மறுநாளே ஜெர்சியோடு கடைக்குப் போனேன். கடைக்காரனுக்கு முப்பது வயது இருக்கும், நம் தமிழ்ப் பையன்தான். சிரித்துக்கொண்டே வரவேற்றான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு பாதியானது.

"அக்கா, இது ஒரிஜினல் லா. சர்ட்டிபிகேட் இருக்கே."

"சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப அது ஒண்ணுதான் ஒரிஜினல்."

அவன் பின்னால் சுவரில் அதே கோல்கீப்பரின் இன்னொரு ஜெர்சி தொங்கியது. என்னுடையதைப் பக்கத்தில் பிடித்தேன். கடைசி எழுத்தின் வால் இரண்டிலும் ஒரே இடத்தில் உடைந்திருந்தது. ஒரு மனிதன் இரண்டு தடவை அப்படி ஒரே மாதிரி போட முடியாது. அதைக் காட்டினேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தூரத்துலேருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதானே அக்கா? நீங்க ஏன் கிட்ட போயி பாக்குறீங்க?"

இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. வேறு பொருள் மாற்றிக்கொள்ளச் சொன்னான். "போலின்னு ரசீதுல எழுதிக் குடு" என்றேன். எழுதவில்லை. கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி இது போலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சம்பந்தப்பட்ட மனிதரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் இப்போது ஓர் இளைஞர் குழுவுக்குக் கோல்கீப்பிங் பயிற்சி கொடுக்கிறார். சனிக்கிழமை மாலை திடலுக்குப் போனேன், கையில் ஜெர்சியும் புதிதாக வாங்கிய ஒரு ஜோடி கோல்கீப்பர் கையுறையும். பயிற்சி முடிந்து வந்தவர் என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"கையெழுத்து வாங்கி விக்கிறதுக்கா அக்கா?"

இவ்வளவு பட்ட பிறகு என்னையே வியாபாரி என்கிறாரே! "என்னை ஏமாத்திட்டாங்க தம்பி" என்று ஜெர்சியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். சிரித்தார்.

"நல்லா போட்டிருக்கான். என்னைவிட அழகா இருக்கு."

"உங்க பேரை வச்சு விக்கிறான். உங்களுக்குக் கோபமே வரலையா?"

சிரிப்பை நிறுத்தினார். முன்பு ஒருவன் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு என்று சொல்லி, ஹோட்டல் அறையில் உட்கார வைத்து ஒரு பெட்டி நிறைய ஜெர்சிகளில் கையெழுத்து வாங்கிப் போனானாம். அடுத்த வாரம் அத்தனையும் விற்பனைக்கு வந்துவிட்டனவாம்.

"பிள்ளைங்களுக்குன்னு நினைச்சு கை வலிக்கப் போட்டேன் அக்கா. அதோட நிறுத்திட்டேன். யாருக்கும் போடுறதில்ல."

கையுறையையும் பேனாவையும் நீட்டினேன். "என் பேரையும் சேர்த்து எழுதுங்க. அடுத்தவங்க பேரு இருந்தா எவன் வாங்குவான்?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு பேனாவை வாங்கி, இடது கையுறையின் மேல் என் பெயரை எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திட்டார். என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். திருத்தச் சொல்லவில்லை. மை மெதுவாகத் துணியில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதான் நான் சேர்த்த முதல் பொருள்.

அதன்பின் ஒரு பூப்பந்து மட்டை, ஒரு ஹாக்கி பந்து, ஓட்டக்காரி ஒருத்தியின் பந்தய எண் அட்டை என்று ஏழு சேர்ந்துவிட்டன. ஏழும் நானே நேரில் நின்று வாங்கியவை, எல்லாவற்றிலும் என் பெயர் உண்டு. ஆனால் கோபம் குறையவில்லை. அந்தக் கடை நன்றாகவே நடக்கிறது. போலியின் படங்களை ஃபேஸ்புக்கில் ஒரு சேகரிப்பாளர் குழுவில் போட்டேன். "சந்தோஷமா வச்சிருக்கோம், ஏன் கெடுக்குறீங்க" என்று ஒருவர் எழுதினார். போலி விற்றவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் குழுவில் புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்த ஓர் அண்ணன் மட்டும் தன்னிடம் உள்ளதை வந்து பார்க்கச் சொன்னார். போனேன். அதே கடையில் வாங்கிய இரண்டு ஜெர்சிகள் சுவரில் இருந்தன. முதலாவதைக் கழற்றிக் கொடுத்தார். லென்ஸை வைத்தேன். அதே படலம். போலி என்று சொன்னேன்.

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் அண்ணே."

அவர் முகம் சிவந்தது. "நீங்க என்ன பெரிய எக்ஸ்பெர்ட்டா?" என்றார். எனக்கும் சுர்ரென்று ஏறியது, கூப்பிட்டது நீங்கள்தானே என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவரே தாழ்ந்த குரலில் சொன்னார்:

"என் மகன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

அந்தக் கடைக்காரன் அப்போது என் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. லென்ஸைப் பைக்குள் போட்டேன். இரண்டாவது ஜெர்சியைப் பார்க்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் அதைக் கழற்றவில்லை.