நாற்பது கட்டைவிரல்கள்

அந்தக் குறிப்பை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பு. கன்டெய்னர் பற்றித் திங்கட்கிழமை முதல் இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. ஒரு மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் இறக்கி ஓட்டுகிற வித்தை அது. முந்தைய பயிற்சியில் நாற்பது பேரும் வெறும் லேப்டாப்போடு வந்து, ஒரே வைஃபையில் பதிவிறக்க ஆரம்பித்து, சாப்பாட்டு மணி வரை திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த முறை வருகிறவர் போனிலேயே சொல்லிவிட்டார்: "எல்லா லேப்டாப்பும் ரெடின்னு நீங்க சொன்னாத்தான் மேடம் பஸ் ஏறுவேன்."

லேப்டாப்பைத் தயார் செய்ய ஆறு படிகள் எழுதினேன். மூன்றாவது படிதான் கொஞ்சம் சிக்கல். கணினியை நிறுத்தி, அது மறுபடி எழுந்திருக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தி, அடித்தள அமைப்புக்குள் போய் ஒரு வசதியை இயக்க வேண்டும். ஆய்வகக் கணினியில் நானே செய்து பார்த்து, ஒவ்வொரு திரையையும் படம் எடுத்துச் சேர்த்தேன். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் 'சரி' என்று கட்டைவிரல்கள் விழுந்தன. நாற்பதும் விழுந்தன. ஒரு கேள்விகூட இல்லை.

அதில் ஒரு விரல் என் மகளுடையது. எங்கள் கல்லூரியிலேயே கடைசி வருடம் படிக்கிறாள். எனக்கு எதிரே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டே இடதுகையால் விரலைத் தட்டினாள். குறிப்பைத் திறக்கவே இல்லை.

"செஞ்சிட்டியாடி?"

"தம்ஸ் போட்ருக்கேன்லம்மா."

"தம்ஸ் போட்டா லேப்டாப் தானா ரெடியாயிருமா?"

வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் எத்தனை பேர் தயார் என்று கேட்டார். குழுவில் கேட்டேன். மறுபடியும் விரல்கள். மற்றவர் பிள்ளைகளைப் போய் உலுக்க முடியாது. ஒரு லேப்டாப்பாவது தயார் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமை காலையில் மகளின் தலைமாட்டில் நின்று மூன்றாவது படியைச் செய்யவைத்தேன். அவள் அலுத்துக்கொண்டே, நான் சொன்னபடிதான் செய்தாள்.

லேப்டாப் எழுந்தது. முகப்பில் அவள் வைத்திருக்கும் பூனைப் படம் வரவில்லை. நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கொடு என்றது.

புது லேப்டாப்புகள் தம்மைத் தாமே பூட்டி வைத்திருக்கின்றன; அடித்தளத்தில் யாராவது கை வைத்தால் திருடன் என்று எண்ணிச் சாவி கேட்கின்றன. எங்கள் ஆய்வகத்தின் பழைய கணினிகளில் அந்தப் பூட்டே கிடையாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"என்னம்மா பண்ணிவச்ச? புதன்கிழமை ரிவ்யூ!"

மதுரைப் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஒரு நிரல் அவளுடைய புராஜெக்ட். நான்கு மாதமாகக் காய்கறி மார்க்கெட்டிலும் பஸ் நிலையத்திலும் அலைந்து, 'அம்புட்டு', 'இம்புட்டு' என்று ஆட்களைப் பேசவைத்துப் பதிவுசெய்த குரல்கள் அத்தனையும் அதற்குள் கிடந்தன.

"காப்பி எடுத்து வைக்கலையா?"

"பென்டிரைவ் வாங்கித் தாம்மான்னு எத்தன தடவ கேட்டேன்?"

பதில் சொல்ல நேரமில்லை. இன்னும் முப்பத்தொன்பது பேர் கையில் என் குறிப்பு இருந்தது. 'மூன்றாவது படியைச் செய்யாதீர்கள். யாராவது செய்துவிட்டீர்களா?' என்று குழுவில் போட்டேன். விரல்கள் விழுந்தன. செய்துவிட்டேன் என்று விரலா, செய்யமாட்டேன் என்று விரலா? ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

"சும்மா தம்ஸ் போட்டேன் மேடம்."

"லேப்டாப்பையே இன்னும் தொறக்கல மேடம். திங்கக்கிழமை வந்து பாத்துக்கலாம்னு."

ஒருத்தர்கூடச் செய்யவில்லை. வாரம் முழுக்க எதைத் திட்டித் தீர்த்தேனோ அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. என் சொல்லைக் கேட்டவள் என் மகள் ஒருத்திதான்.

லேப்டாப்பை முதன்முதலில் எந்த மின்னஞ்சலில் பதிந்தோமோ அதில்தான் சாவி இருக்கும். மகளின் மின்னஞ்சலில் எதுவும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. செல்லூர்க் கடையில் வாங்கியபோது கடைக்காரர் மெயில் ஐடி கேட்டார். என் கடவுச்சொல் எனக்கு ஞாபகம் இல்லை. "விடுங்கக்கா, நம்ம ஐடியப் போட்டுவிடுறேன்" என்றார். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

செல்லூர் போகிற பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் மகள் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்குப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விஷயத்தைக் கத்தித்தான் சொன்னேன். "கன்டெய்னர் ஒர்க்‌ஷாப்பா? பொம்பளப்பிள்ளையப் போயி லாரிப் பட்டறைக்கு எதுக்குக்கா அனுப்புறீக?" என்று சிரித்தார் கடைக்காரர். எங்கள் முகங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவரிடம் மூன்று ஐடிகள் இருந்தன. முதலாவதில் இல்லை. இரண்டாவதில் சாவிகள் பட்டியலாக வந்தன; எந்தச் சாவி எந்த லேப்டாப்புக்கு என்று அவருக்கே தெரியவில்லை. திரையில் இருந்த அடையாள எழுத்துகளை மகள் வாசிக்க, அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். கடைசிக்குச் சற்று மேலே இருந்தது. ஆறாறு இலக்கமாக அவர் கத்த, அவள் தட்டினாள். தறிச் சத்தத்தில் 'நைன்' அவளுக்கு 'ஃபைவ்' என்று கேட்டது, திரை ஏற்கவில்லை. மறுபடி கத்தினார்.

பூனை வந்தது.

மகள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு பென்டிரைவைக் கேட்டு வாங்கி, குரல்களை அதில் ஏற்றி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள், அதுவும் கடைக்காரரிடம்.

"இன்னும் எம்புட்டுப் பேருக்குண்ணே உங்க ஐடியப் போட்ருக்கீங்க?"

"ஒத்தக்கடைப் பக்கம் முக்காவாசிப் பேரு நம்ம கஸ்டமருதானம்மா."

அங்கேயே நின்று புதிய குறிப்பு எழுதினேன்: மூன்றாவது படிக்கு முன் உங்கள் சாவி எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். விரல்கள் வரத் தொடங்கின. எனக்கு அழுகை வந்தது. அப்போது விரல்களுக்கு நடுவே ஒரு கேள்வி விழுந்தது. பக்கத்தில் நின்றபடியே மகள் அனுப்பியிருந்தாள்: 'சாவி கடைக்காரர்கிட்ட இருந்தா என்ன செய்யணும் மேடம்?'

அதற்குக் கீழே ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். 'என்னோடதும் கடையில போட்டதுதான் மேடம்.' 'எனக்கும் மேடம்.' 'மெயில் ஐடின்னா எது மேடம்?'

பயிற்சியாளர் அழைத்தார். எத்தனை லேப்டாப் தயார் என்று கேட்டார்.

"ஒண்ணு சார்," என்றேன். "பஸ் ஏறிறாதீங்க."