விளக்கடியில் பார்த்த டிரான்சிஸ்டர்கள்

கசிவு பார்ப்பவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அதைக் கேள்விப்பட்டு, சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட வந்துவிட்டாள். “அவருக்குத் தண்ணி கசிஞ்சா தெரியாதும்மா, கரண்ட் கசிஞ்சாத்தான் தெரியும்” என்று அவர் மனைவி சிரித்தாள்.

கிதார் வாசிப்பவர்கள் காலால் மிதித்து ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடலுக்குள் மூன்று கால் வைத்த, பொத்தான் அளவுப் பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு இருக்கும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. நடுக்காலை எதிலும் சேர்க்காமல் விட்டாலும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் ஓடும். அதுதான் கசிவு. அளவோடு இருந்தால் பெடல் பாடும், மிஞ்சினால் இரைச்சல்தான். பெடல் செய்பவர்கள் ஏழெட்டுப் பேர் அவரிடம்தான் கசிவை அளந்து நல்லதைப் பிரித்துத் தரக் கொடுப்பார்கள். சூடு பட்டால் கசிவு ஏறும் என்பதால் இடுக்கியால் எடுத்து வைத்து, அறுபது எண்ணிய பிறகே மீட்டரைப் பார்ப்பார். யாராவது கையால் தொட்டால் எரிந்து விழுவார்.

டிரான்சிஸ்டர்கள் ஒரு கடைக்காரப் பெண்ணிடமிருந்து வந்தன. உடைந்த ரேடியோக்களைப் பிரித்து, காலெல்லாம் நேராக்கி, டப்பாவில் அடுக்கி வைத்திருப்பாள். நான்கு வருடமாக அவளிடம் ஒரு குறையும் இல்லை.

ஒருமுறை அவள் தந்த இருநூறில் நூற்றறுபது தேறவில்லை. மறுபடி அளந்தார், அப்படியேதான். பெடல்காரர்கள் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: “அந்தக் கடையில் வாங்காதீர்கள். குப்பையைக் கலந்து தருகிறாள்.” அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? சரக்கு முழுவதையும் அவளுக்கே திருப்பி அனுப்பினார். தேறாததில் பத்தை மட்டும் மாதிரிக்கு எடுத்து வைத்தார்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் காலை மேசை விளக்கின் பல்பு போனது. கண் மங்குகிறதே என்று, அந்த இருநூறு வருவதற்கு முந்தின வாரம் மகள் வாங்கித் தந்த, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. அதன் பிறகு வந்த சரக்கெல்லாம் பாதிக்குமேல் தேறாதபோதும், எங்கும் குப்பைதான் வருகிறது என்றே நினைத்திருந்தார். சன்னலோரம் போய் உட்கார்ந்தவர், கைக்குக் கிடைத்த அந்தப் பத்தில் ஒன்றை அளந்தார். கசிவு மிஞ்சியதைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குப் பாதி தூரம்கூட முள் ஏறவில்லை. அடுத்ததும் அப்படித்தான். கடைக்கு ஓடிப்போய் பல்பு வாங்கி வந்து மாட்டி, அதே டிரான்சிஸ்டரை விளக்கடியில் வைத்தார். முள் மெல்ல மெல்ல நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

விரல் சூட்டுக்கு ஊரைத் திட்டியவர், ஒரு சாண் தூரத்தில் எரிந்த விளக்கைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகளிடம் சொல்ல முடியுமா? வந்த வேலையையும் தொடாமல் வைத்திருந்தார். மனைவி துருவித் துருவிக் கேட்டபோது சொல்லிவிட்டார். “என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றாள் அவள்.

போனார். கடையில் பாதிக்குமேல் செல்போன் உறைகள் தொங்கின. நடந்ததைத் தலை நிமிராமல் சொல்லி முடித்தார்.

“அப்ப அதெல்லாம் நல்ல சரக்காண்ணே?” என்று கேட்டாள் அவள். கோபம் இல்லை.

“நல்ல சரக்கும்மா.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பழைய இரும்புக்காரன்கிட்ட அள்ளிப் போட்டுட்டேன்.”

அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். இந்த வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

“ஒண்ணுகூட மிச்சமில்லையா?”

மேசைக்கடியில் துழாவி ஒரு டப்பாவை எடுத்தாள். முப்பது இருந்தன. பையிலிருந்து மீட்டரை எடுத்து வாசல் வெளிச்சத்தில், அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அளந்தார். ஒவ்வொன்றும் தேறத் தேற அவருக்கு உடம்பு கூசியது. ஒரு நாலைந்து டிரான்சிஸ்டராவது மோசமாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டார். இருபத்தாறு தேறின.

அங்கேயே உட்கார்ந்து குழுவில் எழுதினார்: “சரக்கில் தப்பில்லை. என் விளக்குச் சூட்டில் தப்பாக அளந்தேன். அவள்மேல் பழி போட்டது நான்.” அவளிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினார். பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று ஒருவர் பதில் போட்டார். அந்த மாதமே இரண்டு பேர் வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர் ஏனென்று கேட்கவில்லை. மற்றவர்களில் மூன்று பேர் அவள் கடைக்குத் திரும்பினார்கள்.

அன்று கிளம்பும்போது, “இந்த இருபத்தாறையும் நானே காசு குடுத்து எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டிருந்தார்.

அவள் டப்பாவை மூடினாள். “வேணாண்ணே. வேற யாருக்காவது குடுத்துக்கிறேன்” என்றாள்.