பழசு என்று சொல்லாத பரிசு

லியோனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சில்வி, ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை என்னைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டிருந்தாள். போனபோது, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கம்பளிச் சால்வையை விரித்துப் போட்டு ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் நாத்தனார் கொடுத்த பரிசு. அழகாயிருக்கிறதே என்றேன். "அழகுதான். இதே நிறத்தில் என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே, பழைய பொருள் விற்கும் செயலியில் அதை ஏற்றினாள். நான் காப்பியை முடிப்பதற்குள் யாரோ விலைக்குக் கேட்டுவிட்டார்கள். நாத்தனாருக்குத் தெரிந்தால் என்னவாகும் என்று கேட்டேன். சில்வி தோளைக் குலுக்கினாள். "போன வருஷம் நான் கொடுத்ததை அவள் விற்றாள்."

அங்கே கிறிஸ்துமஸை நோயல் என்கிறார்கள். முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கும் சில்விக்கு நோயல் ஜனவரித் தள்ளுபடியிலேயே தொடங்கிவிடும். அடுத்த டிசம்பருக்கான சாமான்களை அப்போதே வாங்கிக் கட்டிலடியில் தள்ளிவிடுவாள். இலையுதிர் காலத்தில் குடும்பத்துப் பெரியவர்கள் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் வாங்கினால் போதும். சூப்பர்மார்க்கெட் அட்டையில் வருஷம் முழுக்கச் சேர்ந்த புள்ளிகளை டிசம்பரில் கரைப்பாள். பிள்ளைகளின் பொம்மைகள் எல்லாமே 'ஒகாசியோன்'. நான் வந்த புதிதில் என் மகனுக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்து "செ தொகாசியோன்" என்றாள். ஆங்கிலத்து 'அக்கேஷன்' ஞாபகத்தில் விசேஷத்துக்கான பரிசு என்று நினைத்து, என்ன விசேஷம் என்று கேட்டுவைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒகாசியோன் என்றால் ஏற்கெனவே ஒருவர் புழங்கியது என்று அர்த்தம். அதோடு நிற்கவில்லை. பிரேக் சற்றுத் தளர்ந்திருக்கிறது, மணி அடிக்காது என்று குறைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் பூட்டுச் சாவியைக் கையில் தந்தாள்.

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் தங்கை சுபா வீட்டில் இப்படிச் சொல்ல முடியுமா? வெளிநாட்டுப் பெட்டி திறக்கும்போது எங்கள் ஊரில் வீடே சுற்றி உட்காரும். பக்கத்து வீட்டு மாமியும் வருவாள். பள்ளிக்கூட உணவறையில் தட்டுக் கழுவுகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. 'ஸ்கூல்ல வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவர்கள் டீச்சர் என்று எடுத்துக்கொள்வார்கள். சென்ற டிசம்பரில் என் கணவருக்குக் கிடங்கில் வேலை நேரத்தைக் குறைத்திருந்தார்கள். ஊருக்குப் போக எடுத்த விமான டிக்கெட்டோடு கை வறண்டுபோயிற்று. அதனால் சில்வியின் வழியில் போனேன். சுபாவுக்கு ஒரு கைப்பை, அவள் கணவருக்கு ஒரு பர்ஸ், ஒன்றரை வயது மகள் தன்விக்கு வயிற்றை அமுக்கினால் பாடும் கரடி, எல்லாம் செயலியில் வாங்கினேன். கரடி என் கையில் பாடவில்லை. விற்றவள் 'ஊன் பீல் ஆ ப்ரெவ்வார்' என்று எழுதியிருந்தாள். பீல் என்றால் பேட்டரி, வார் என்றால் பார்ப்பது. பேட்டரியைப் பார்த்துவிட்டோம் என்கிறாளாக்கும், வழியில் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, கரடியைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவைத்துப் பளபளப்புத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டினேன்.

பெட்டியைத் திறந்த அன்று சுபா கரடியை முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள். "ஃபாரின் மணம் கேட்டியா! புதுசுதானே அக்கா, கடையில இதுக்கு நல்ல விலை இருக்குமே?" என் துணி சோப்பின் மணம் அது. "நீ அதெல்லாம் கேக்காத" என்றேன். அன்றிலிருந்து ஒரு பயம் கூடவே இருந்தது. பையின் உள்ளறையில் யாருடைய சீட்டாவது கிடக்குமோ, பர்ஸில் யாருடைய பெயராவது இருக்குமோ என்று அவர்கள் இல்லாதபோது எடுத்தெடுத்துத் தடவிப் பார்த்தேன். கரடியின் வயிற்றை மட்டும் நான் திறந்து பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் சுபா சமையலறையில் இருந்தாள். அவள் கணவர் கடைக்கும், என் கணவரும் மகனும் நாகர்கோவிலுக்கும் போயிருந்தார்கள். தன்வியைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். கண்ணை மூடித் திறந்தேன், அவ்வளவுதான். இருமல் சத்தம் கேட்டுப் பார்த்தால், கரடியின் வயிறு பிரிந்து கிடக்கிறது. உள்ளே இருந்த சின்னப் பெட்டியின் மூடி தரையில். மூடியை இறுக்க ஒரு திருகாணி இருந்திருக்க வேண்டும். அந்தத் துளை காலியாக இருந்தது. பெட்டியில் பட்டன் போன்ற பேட்டரிகளுக்கு மூன்று குழிகள். தரையில் இரண்டு பேட்டரிகள். தன்வியின் வாயோரம் எச்சில் வழிந்தது.

கட்டிலடியில், பாயடியில், அவள் சட்டைக்குள் எங்கு தேடியும் இல்லை. சுபா ஓடிவந்தாள். "அக்கா, இதுல எத்தன பேட்டரி இருந்து? ரெண்டா மூணா? சொல்லு அக்கா!" எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. புது பொம்மையில் எத்தனை இருக்கும்? மூன்று குழி என்றால் மூன்றுதானே. "மூணு" என்றேன். அவள் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ஆட்டோ பழவங்காடியில் சிக்கிக்கொண்டது. சபரிமலை மண்டல காலத்துக் கூட்டம். கறுப்பு வேட்டிக்காரர்கள் சாலையை நிறைத்திருந்தார்கள். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தன்வி திடுக்கிட்டு இருமினாள். தொண்டையில் மாட்டிய பேட்டரி கொஞ்ச நேரத்திலேயே சதையை அரித்துவிடும் என்று எப்போதோ படித்தது நினைவில் எரிந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமலே, "பேடிக்கண்டா சேச்சி, இப்போ எத்தாம்" என்று, பயப்பட வேண்டாம், இதோ போய்விடலாம் என்றார். சுபா குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் செயலியைத் திறந்து, கரடியை விற்றவளுக்கு எழுதினேன்: 'அவசரம். பொம்மையில் எத்தனை பேட்டரி?'

ஆஸ்பத்திரியில் எங்களைக் காத்திருக்க வைக்கவில்லை. தன்வியை எக்ஸ்ரே மேஜையில் கிடத்தும்போதே இளம் டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார், பொம்மை புதியதா, பேட்டரி எப்போது போட்டது என்று. சுபா எனக்கு முந்திக்கொண்டாள். "புதுசு டாக்டர். அக்கா பிரான்ஸில் நின்னு கொண்டுவந்ததாணு."

"புதுசில்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "புதுசில்ல டாக்டர். யாரோ யூஸ் பண்ணினது. உள்ள எத்தன இருந்துதுன்னு எனக்குத் தெரியாது."

சுபா என் பக்கம் திரும்பவே இல்லை. எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவை மூடினார்கள். அந்தச் சில நிமிஷங்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பிள்ளையை இழப்பேனா, தங்கையை இழப்பேனா என்ற இரண்டு பயமும் ஒன்றாய்க் கலந்துவிட்டது. அப்போது ஃபோன் அதிர்ந்தது. 'வணக்கம் மதாம். ஒரு பேட்டரி நீங்கள் வாங்கிப் போட வேண்டும் என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தேனே. ஒன்றை எடுத்து என் சமையல் தராசுக்குப் போட்டுவிட்டேன். இரண்டுதான் இருந்தது.' உடனே இன்னொன்று: 'உங்களுக்குத் திருப்தி இல்லை என்றால் பாதி விலையைத் திருப்பித் தருகிறேன்.' நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள்.

டாக்டரம்மா கதவைத் திறந்தபோது எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. இருந்தும் அவர் வாயால் கேட்க எழுந்து போனேன். "ஒண்ணுமில்லா. கிளியர். சளி இருமல்தான். பால் குடிக்கிறாளான்னு பாத்துட்டு விடலாம்" என்றார். சுபா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனை நீட்டி, அந்த வரிகளைத் தமிழில் சொன்னேன்.

"உன் பழைய பாவாடையப் போட்டுட்டுத்தானே அக்கா நான் பத்தாங்கிளாஸ் வரைக்கும் போனேன்" என்றாள் பிறகு. "உன் கையில இருந்து பழசு வாங்க எனக்கு நாணமாக்கும்? பழசுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, நான் தொறந்து பாத்துட்டுல்லா பிள்ளைக்குக் குடுத்திருப்பேன்."

தட்டுக் கழுவுவதைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "உன் கையப் பாத்தா தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

குழந்தையோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றாள் நர்ஸ். "பைஸ்டாண்டர் ஆரா?" என்று வராந்தாவைப் பார்த்துக் கேட்டாள். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணை நிற்பவருக்கு அதுதான் பெயர். இரண்டு பேருமே எழுந்தோம். நான் திரும்ப உட்காரப் போனேன். சுபா நர்ஸிடமிருந்து துணை அட்டையை வாங்கி என் கழுத்தில் மாட்டினாள். "நீ போ. நான் பால் வாங்கிட்டு வாறேன்."

தன்வி என் மடியில் தூங்கிப்போனாள். அவள் மூச்சு என் முழங்கையில் சூடாகப் பட்டது. கழுத்தில் துணை நிற்பவள் என்ற அட்டை. கையில் ஃபோன் மறுபடி அதிர்ந்தது. பிரான்ஸிலிருந்து கரடியை விற்ற பெண் இன்னமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: 'மதாம், வைத்துக்கொள்கிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா?' குழந்தை அசைந்துவிடக் கூடாதே என்று, பதில் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.