மூத்த மருமகள் அளந்த பூட்டு

பூட்டுக் கம்பெனி முதலாளிக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அரம் பிடித்த அந்தக் கையால்தான் இன்று முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். படித்தவன் எவனாவது செய்து காட்டட்டும், பார்ப்போம்! அவருடைய மூத்த மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. போனைத் தட்டினால் திறக்கிற பூட்டுக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான். இரண்டு வகைப் போனுக்கும் தனித்தனியாக, கைக்கடிகாரத்துக்கு வேறாக, பூட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சில்லுக்கு இன்னொன்றாக, ஒரே வேலையை நாலு தடவை எழுதினாள். மூன்று வருஷம், தீராத கழுத்து வலி.

அப்போது வந்து சேர்ந்தாள் இளையவள், கொழுந்தன் பெண்டாட்டி.

"ஒரு தடவை எழுதினா போதும் மாமா. கம்பைலர்னு ஒண்ணு இருக்கு, அதுவே எல்லாத்துக்கும் ஏத்த மாதிரி மாத்திக் கொடுத்துடும்."

ஆறே வாரத்தில் போனிலும் கடிகாரத்திலும் ஓட்டிக் காட்டிவிட்டாள்.

"பொண்ணு படு சூட்டிகை!" என்று மாமனார் சொன்னதும் மூத்தவள் வலிக்கிற கழுத்தைத் தடவிக்கொண்டாள். ஆறு வாரமாம்!

கம்பெனி அடுத்துச் செய்யப்போகும் புதுப் பூட்டு இனி அவள் கைக்குப் போய்விடுமே என்ற பயத்தில், இளையவள் எழுதியதை ரகசியமாக அளந்து பார்த்தாள். மனசு குளிர்ந்தது. அந்தப் புரோகிராம் தனியாக ஓடாது. ரன்டைம் என்ற பெரிய மூட்டையும் கூடவே ஏறினால்தான் ஓடும். போனில் இடம் தாராளம். பூட்டுச் சில்லோ எலி வளை. இளையவள் சோதித்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள் செய்த பொய்ப் பூட்டில். மூத்தவள் வாயே திறக்கவில்லை. கடைக்காரர்களுக்குப் பூட்டைத் திறந்து காட்டும் நாளில் அது பல்லை இளிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. இளையவள் கடிகாரத்தைத் தட்டினாள். பூட்டு 'க்ளிக்' என்று திறந்துகொண்டது. அந்த மூட்டை எப்படி உள்ளே நுழைந்தது என்று மூத்தவள் எட்டிப் பார்த்தாள்.

"கைதட்டல் அக்காவுக்குத்தான்," என்றாள் இளையவள். "என்னுது பூட்டுக்குள்ள நுழையலை. நேத்துதான் தெரிஞ்சுது. உள்ளே ஓடறது அக்கா எழுதினது. என்னுது மூணு மடங்கு பெருசு."

தோற்றிருந்தால் சிரித்திருக்கலாம், திருடியிருந்தால் திட்டியிருக்கலாம். பாராட்டையும் இவள் கையால் வாங்குவதா?

"மூணா? ரன்டைமையும் சேத்தா பதினோரு மடங்கு! நீ ஓட்டிக் காட்டின அன்னிக்கே அளந்துட்டேன்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இளையவள் முகம் சுண்டிப்போயிற்று.

"தெரிஞ்சுமா அக்கா சொல்லலை?"

மாமனார் கடைக்காரர்களை வழியனுப்பிவிட்டு வந்தார். "அளந்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தியா? பூட்டு திறக்காம போயிருந்தா என் மானம்லம்மா போயிருக்கும்! நாளையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஒரே மேஜை. புதுப் பூட்டும் ரெண்டு பேர் பொறுப்பு."

"மாமா, எனக்கு இடம் பத்தாது..." என்றாள் மூத்தவள்.

"மேஜை பெருசுதான். உட்காரு."

மறுநாள் மூத்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இளையவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

என்ன வேகம், சண்டாளி!