எங்கள் மேட்டில் நட்ட கல்

தாய்த் தமிழகத்தோடு நாங்கள் சேர்வதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. நாகர்கோவிலில் கோட்டாறு சந்தைக்குப் பின்னால், சந்தைக் கழிவெல்லாம் வந்து விழும் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். அதில்தான் எங்கள் குடிசைகள். சந்தையில் சுமடு தூக்குகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள், கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்று பல வகை ஜனங்கள். எங்கள் இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் ஊர்க்காரர்கள் அதைச் சொன்னதில்லை. "அந்தப் பள்ளம்" என்பார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வரட்டும், இனி அதை அடக்கி வைத்து என்ன ஆகப் போகிறது?

பள்ளத்துக்குள் ஒரே ஒரு மேடு உண்டு. எந்த மழையிலும் அது முங்காது. அந்த மேட்டில் நாங்கள் பெண்கள் சேர்ந்து ஓர் ஓலைப்புரை கட்டியிருந்தோம். கட்டின விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். அடுத்த குடிசைக்காரி அப்படிப் போடுவதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பெண்கள் பேறுகாலத்தில் மருத்துவம் இல்லாமல் சாகிறார்களே, அதற்கும் வீட்டுக்கு ஒரு பிடி போட்டால் என்ன என்று கேட்டேன்.

"கோயிலுக்கும் போடணும், உனக்கும் போடணும்னா உலையில என்னத்தட்டி போட?" என்றாள் அவள்.

"உனக்க மாப்பிள்ளைக்க சோத்துல ஒரு பிடி குறைச்சுக்கோ. வயிறாவது வத்தட்டும்."

சிரித்தாள். ஆனால் அன்றைக்கே கலயத்தில் முதல் பிடியைப் போட்டவளும் அவள்தான்.

சனிக்கிழமை தோறும் கலயங்களைத் தட்டி ஒன்றாக்குவோம். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து விலகிய ஒரு நர்ஸம்மா செவ்வாயும் வெள்ளியும் வருவார். அவருக்கு அரிசிதான் சம்பளம். மிச்சத்தைச் சந்தையில் விற்று மருந்துப் பஞ்சும் டிஞ்சரும் மண்ணெண்ணெயும் வாங்குவோம். கூரைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓலை முடைந்து வரும். சாயங்காலம் அதே புரையில் பெண்பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். அதுவே எங்கள் பள்ளத்தில் பெரிய படிப்பு. யாரிடமும் போய்க் கை நீட்டியதில்லை.

அடுத்த வருஷம் புரையை இன்னும் ஒரு பத்தி நீட்ட வேண்டும், சந்தை வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போக வேண்டும், அதற்குக் கூடுதலாக ஓலை முடைந்து விற்க வேண்டும் என்றெல்லாம் உட்கார்ந்து பேசி வைத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் பெரிய மனுஷர்களுக்கு எங்கள் மேல் அக்கறை வந்தது.

டவுனில் பேர்போன ஒரு வக்கீல். அவர் தலைமையில் ஒரு கமிட்டி. ஒரு நாள் எல்லாரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையின் குறுக்கே கிடந்த பலகையைத் தாண்டி வந்தார்கள். எங்கள் புரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு "பேஷ், பேஷ்" என்றார்கள். வக்கீல் ஒரு நீலத் தாளை விரித்துக் காட்டினார். மச்சுக் கட்டடம். நோயாளிக்கு அறை, படிப்புக்கு அறை, கமிட்டி கூடுவதற்கு ஓர் அறை. வாசலில் கார் வந்து நிற்க ஒரு முகப்பு. எங்கள் பள்ளத்துக்குள் மாட்டு வண்டியே வராது, கார் எங்கிருந்து வரும்? நான் வாயைத் திறந்து கேட்டேன். வக்கீல் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து அஸ்திவாரக் கல் நடுவார் என்றும், அதற்கு முன்னால் ஓலைப்புரையைப் பிரித்துவிட வேண்டும் என்றும் வக்கீல் சொன்னார். வருகிறவர் கண்ணில் ஓலையும் மூங்கிலும் பட்டால் அசிங்கமாம்.

என் நாத்தனாருக்கு அப்போது வயிற்றில் தலைப்பிள்ளை. ஐப்பசியில் பேறுகாலம். ஐப்பசியில் பள்ளம் எப்படிக் கிடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"மழைக்குள்ள பேறுகாலம் வருது சார். கெட்டடம் எழும்பட்டும், பொறவு புரையைப் பிரிப்போம்" என்றேன்.

"அதுக்குள்ள கெட்டடமே வந்திரும். நீங்க ஒண்ணும் மிண்டாம இருந்தா போதும்" என்றார்.

மிண்டாமல் இருக்க வேண்டுமாம். எங்கள் அரிசி, எங்கள் ஓலை, எங்கள் மேடு. நாங்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எங்கள் ஆண்களாவது பேசினார்களா? கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "பெரிய ஆளுகட்ட நமக்கு எதுக்குட்டி வம்பு?" என்று என் வீட்டுக்காரர் என்னைத்தான் அடக்கினார். அன்றைக்கு அவருக்குச் சோறு வைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் கமிட்டி ஆட்கள் வந்து அரை நேரத்தில் புரையைப் பிரித்துப் போட்டார்கள்.

கல் மயிலாடியிலிருந்து வந்தது. ஓர் ஆள் படுக்கலாம், அத்தனை நீளம். நாலு பேர் சுமந்து வந்தார்கள். கொத்தினவர் மேல் எனக்குக் குறையில்லை. முத்து முத்தாக வெட்டியிருந்தார். ஆனால் வெட்டியது இங்கிலீஷில். எழுத்துச் சொல்லிக் கொடுத்த எனக்கே ஒன்றும் விளங்கவில்லை. கமிட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டபோது, வந்தவர் பேரும் வக்கீல் பேரும் கமிட்டி பேரும் இருப்பதாகச் சொன்னார். பந்தல் போட்டார்கள், மாலை போட்டார்கள், ஏழைகளைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அவர்களுக்குக் கலர் சோடா, எங்களுக்கு ஆளுக்கொரு பூந்திப் பொட்டலம். மேட்டின் நட்டநடுவில் செங்கல் பீடம் கட்டிக் கல்லை நிறுத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் பந்தல் மூங்கிலையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நான் வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். சர்க்கார் ஆர்டர் வரணும் என்பார். அப்புறம் ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னார். உட்கார இடமில்லாததால் நர்ஸம்மா வருவதும் நின்றது.

ஐப்பசி மழை பிடித்தது. ஓடை கரை புரண்டு குடிசைகளுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். ஓடைப் பலகையும் அடித்துக்கொண்டு போயிற்று. சரியாக அந்தப் பகலில்தான் நாத்தனாருக்கு வலி வந்தது. ஆண்களெல்லாம் சந்தையில். ஒருத்தியை நர்ஸம்மாவைக் கூப்பிடச் சுற்றுவழியில் ஓடவிட்டு, நாத்தனாரை நாங்கள் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். வேறு எங்கே போவது? அங்கே கூரை இல்லை. அந்தக் கல்தான் நின்றது. கல்லின் அடியில் பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். சுற்றி நின்று முடைந்த ஓலைகளைக் கையால் உயர்த்திப் பிடித்தோம். காற்று ஓலையைப் பிடுங்கியது. அவள் வலி தாங்காமல் அந்தக் கல்லைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்தது. ஆண். அழுதான், அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். ஆனால் துடைத்துச் சுற்ற எங்களிடம் காய்ந்த துணி ஒரு முழம் இல்லை. எல்லாம் நனைந்து கிடந்தது. என் நெஞ்சோடு அணைத்துப் பார்த்தேன், நானே நனைந்துதான் இருந்தேன். நர்ஸம்மா ஓடையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பிள்ளை குளிரில் விறைத்துக் கிடந்தது, மூச்சு மட்டும் இழைந்தது. அவரும் என்னென்னவோ செய்தார். விளக்கு வைக்குமுன் போய்விட்டான். "ஒரு கூரை இருந்தா பிழைச்சிருப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மழை விட்டதும் முடையத் தொடங்கினோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, பெண்கள் தாங்களாகவே ஓலையோடு வந்தார்கள். புரை எழும்ப வேண்டிய இடத்தில் கல் நட்டுக்கொண்டு நின்றது. கடப்பாரை எடுத்துப் பீடத்தை இடித்தோம். எழும்பி நடக்கவே தெம்பில்லாத நாத்தனாரும் வந்து ஒரு கை பிடித்தாள். ஓடைக்குப் பலகை வேண்டுமே. கல்லை உருட்டிக்கொண்டு போய், எழுத்து அடியில் இருக்கும்படி ஓடையின் குறுக்கே போட்டோம். அளவு எடுத்து வெட்டினது போலப் பொருந்தியது.

கல்லைக் காணோம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வக்கீல் ஒரு போலீஸ்காரரோடு வந்தார். புரை கட்டி முடிந்திருந்தது. வாசலில் நாத்தனார் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில்.

"கல்லு எங்கட்டி?" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இரியுங்க மைனி" என்றாள். தலையைத் தூக்கி வக்கீலைப் பார்த்தாள். "வரும்பம் ஓடையைத் தாண்டிச் சாடியா வந்திய? மிதிச்சிட்டுத்தான வந்திய."

வக்கீல் திரும்பி ஓடைக் கல்லைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "அதுல யாருக்க பேரெல்லாம் இருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார். இந்த மேட்டுல பெறந்து இந்த மேட்டுலயே செத்தானே எனக்க பிள்ளை, அவன் பேரு உண்டுமா அதுல? உண்டும்னு சொல்லுங்க. நானே தேச்சுக் கழுவி எடுத்துத் தாறேன்."

அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்க நேரமே இருக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்க சார், போவோம்" என்றார். வெளியே போக அந்தக் கல்லைத் தவிர கிட்டத்தில் வேறு வழி கிடையாது. வக்கீல் அதன் மேல் கால் வைத்துத்தான் போனார்.

அதன்பின் யாரும் கேட்டு வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நர்ஸம்மா அந்தக் கல்லைக் கடந்து வந்தார். இரண்டு வருஷம் கழித்து நாத்தனாருக்கு அதே புரையில் ஒரு பெண் பிறந்தாள். காய்ந்த துணி ஒரு கட்டு மடித்து வைத்திருந்தோம். கலயத்தில் பிடியரிசி விழுவது எங்கள் காலம் வரைக்கும் நிற்கவில்லை.

இன்றைக்கும் எங்காவது அஸ்திவாரக் கல் விழா என்று அழைப்பு வந்தால், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, அதை யார் கட்டியிருந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்னால் கைதட்ட முடிவதில்லை.